விருந்தாளியின் கடிகாரம்

எடைமேடை அறையில் இருப்பது ஒரே கணினி.
அதற்குள்ளேயே இன்னொன்றை வை என்றார் ஹாஜா மைதீன்.
புதிது வாங்கத் தஞ்சாவூருக்குக் கிளம்பியவர்தான்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தில்
மனசு மாறித் திரும்பிவிட்டார்.

எட்டு ஜிபி நினைவகம்.
விண்டோஸ் காலை நீட்டிப் படுத்திருக்கிறது.
கடைமடைக்காரன் தண்ணீர் கேட்பதுபோல
கொஞ்சம் கூட்டியே கேட்டு
இரண்டை வாங்கிப் பூட்டிக்கொண்டேன்.

கணினி கண்விழிக்கும் அரை விநாடிக்குள்
எஃப் டூ தட்ட வேண்டும்.
இரண்டு முறை தவறி மூன்றாவதில் பிடித்தேன்.
மெய்நிகர் வசதி: அணைக்கப்பட்டுள்ளது.
ஐந்து வருடம் அந்தத் திறமையை வைத்துக்கொண்டுதான்
மூட்டை எண்ணிக்கொண்டிருந்தது இந்தப் பெட்டி.
யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

இணையம் செங்குட்டுவனின் கைப்பேசியில் இருந்து.
அவன் டீக்குப் போனால் உபுண்டுவும் நின்றது.

முழு வட்டையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டது.
எடுத்துக்கொள் என்றேன்.
முழு வட்டு என்பது டி டிரைவில்
முதலாளி மகள் கல்யாண வீடியோவுக்குப் பக்கத்தில்
இருபது ஜிபியில் ஒரு கோப்பு.
அதற்கு அது தெரியாது.
அளந்தது, பிரித்தது, வரப்புப் போட்டது,
தன் பெயரில் ஒரு வீடும் எழுதிக்கொண்டது.

எங்கள் வீடும் கோயில் மனையில்தான்.
வருடத்துக்கு ஒரு ரசீது.
சுவர் எங்களுடையது,
சுவருக்குக் கீழே சுவாமியுடையது.
மாடி எடுத்தபோது அப்பாவும்
இப்படித்தான் கயிறு பிடித்து
அங்குலம் பிசகாமல் அளந்தார்.

கடவுச்சொல் தட்டினால்
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
"கீபோர்டு செத்துப்போச்சாக்கா?"
"இல்லடா, கேட்டுக்கிட்டிருக்கு."

நாட் முறையில் விட்டால்
வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி வெளியே போய்வரும்;
அதைத் தேடி யாரும் உள்ளே வர முடியாது.
பிரிட்ஜ் போட்டேன்.
தனிக் கதவிலக்கம், முடிவில் நாற்பத்தேழு.
அடுத்த அறையிலிருந்து பிங் அனுப்பினேன்.
இருக்கிறேன்
இருக்கிறேன்
இருக்கிறேன்
நான் நிறுத்தும்வரை அது நிறுத்தவில்லை.

மணி பதினொன்று நாற்பது.
மற்ற கருவிகளை நாளைக்கு ஏற்றலாமென்று
இருந்த நிலையில் அப்படியே உறையவைத்துவிட்டு
வண்டியை எடுத்தேன்.

இரண்டு மணிக்கு மழை.
மாசியில், யாரும் கேட்காத மழை.
கோரையாற்றுப் பாலத்திலிருந்து மில் வரைக்கும்
ரோட்டோரம் கொட்டியிருந்த சம்பா நெல்.
தார்ப்பாய் இருந்தவர்கள் இழுத்து மூடினார்கள்.
இல்லாதவர்கள்
உரச் சாக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு
அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

காலை ஆறே முக்காலுக்குப் பதினெட்டு டிராக்டர் வரிசை.
ஈரமானி இருபத்திரண்டு காட்டியது.
ஒருவர் கைப்பிடி நெல்லை மோந்து பார்த்தார்,
மறுபடி மோந்தார், சாக்கிலேயே போட்டார்.

உள்ளே வந்து விருந்தாளியை எழுப்பினேன்.
பாதி வாக்கியத்தில் விட்ட இடத்திலேயே
மினுக்கிக்கொண்டு நின்றது.
தேதி கேட்டேன்.
நேற்று, இரவு பதினொன்று நாற்பது என்றது,
துளிச் சந்தேகம் இல்லாமல்.

அங்கே இன்னும் மழை பெய்யவில்லை.
நெல் பதினாறு ஈரத்தில் கிடக்கிறது.
காய்ச்சல் கண்டவன்போல யாரும்
சாக்கின்மேல் நடுங்கவில்லை.
ஒரு வரி தட்டினால் போதும்,
கடிகாரம் சரியாகிவிடும்.
விரலை விசைமேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

மேடையில் முதல் டிராக்டர் ஏறிவிட்டது.
"போடலாமாக்கா?"
"இரு."

தட்டினேன்.
ஏழு மணி நேரம் ஒரே எட்டில் போனது.
"போடு."

நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ.
புது சர்வரின் முதல் பதிவு,
தேதி சரி, நேரம் சரி, வண்டி எண் சரி.
அதில் நெல் எவ்வளவு
தண்ணீர் எவ்வளவு என்பதற்கு
நான் கட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை.